உரையாடல் பயணம்: பிள்ளைகளைத் தடுப்பதா, தயார்ப்படுத்தி அனுப்புவதா?

ஹரோவில் வாழும் ஒரு தாயார் சில வாரங்களுக்கு முன்னர் எம்மோடு தொலைபேசியில் பேசினார். சட்டம் பயிலும் அவரது மகளுக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. பிரித்தானியாவில் பிறந்து வளர்ந்த தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் பன்னிருவர் ஒன்றாக இலங்கைக்குச் சென்று, பத்து நாட்கள் தங்கி, ஒருவர் கூறுவதை மற்றவர் செவிமடுத்துத் திரும்பும் "உரையாடல் பயணம்" அது. செலவின் பெரும்பகுதியை ஒழுங்கமைப்பாளர்களே ஏற்கின்றனர். அழைப்பு வந்த நாள் முதல் வீட்டில் நிம்மதி இல்லை. "கதைச்சுக் கதைச்சு நாங்கள் கண்டது என்ன?" என்று கேட்டுவிட்டுத் தந்தையார் எழுந்து போய்விட்டாராம். "நீங்களும் எனக்கு ஒண்டும் சொன்னதில்லை அப்பா, போய்ப் பாக்கவும் விடமாட்டீங்கள்" என்று மகள் கதவைச் சாத்திக்கொண்டாளாம். "அண்ணா, நான் யார் பக்கம் நிக்கிறது?" என்பதே அத்தாயாரின் கேள்வி.

தந்தையாரின் சினத்தை எவரும் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. 1957இல் கைச்சாத்தான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1965ஆம் ஆண்டின் டட்லி–செல்வா ஒப்பந்தம் நிறைவேறாமலே மடிந்தது. 1985இல் திம்புவில் பேசினோம். 2002இன் பின்னர் நோர்வேயின் அனுசரணையில் நகரம் நகரமாகப் பேசினோம். அந்தப் பேச்சுக்கள் முறிந்த பின்னர் வந்தது 2009 மே மாத முள்ளிவாய்க்கால். இத்தனையையும் கண்ட ஒருவர் உரையாடல் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

அண்மைய காயம் ஒன்றும் உண்டு. உலகத் தமிழர் பேரவையினர் 2023 ஏப்ரலில் நேபாளத்தின் நாகர்கோட்டில் பௌத்த பிக்குகள் சிலரைச் சந்தித்து உருவாக்கிய இமயமலைப் பிரகடனம், அவ்வாண்டு டிசம்பரில் அப்போதைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவிடம் கையளிக்கப்பட்டது. எமது மக்களின் ஆணையை எப்போது, எங்கே பெற்றீர்கள் என்று தாயகத்திலிருந்தும் புலம்பெயர் நாடுகளிலிருந்தும் கண்டனங்கள் எழுந்தன. அக்கேள்வி நியாயமானது. ஆயினும் அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரால் கையொப்பமிடுவோரை நோக்கிய கேள்வி. பத்தொன்பது வயது மாணவி எவருடைய பிரதிநிதியும் அல்லள். அவள் எதிலும் கையொப்பமிடப் போவதில்லை, அல்லது இடக்கூடாது. இவ்விரண்டையும் எம்மவர் ஒன்றாகக் குழப்புகின்றனர்.

மாணவரை எதிரெதிர்த் தரப்பினரோடு அமரவைக்கும் இத்தகைய முயற்சிகளில் மிக நீண்ட பட்டறிவு இஸ்ரேல்–பலஸ்தீன விடயத்திலேயே திரண்டு கிடக்கிறது. அதில் ஒரு பகுதி எமது நகரிலேயே நிகழ்ந்தது என்பதைப் பலர் அறியார். இலண்டன் சிற்றி பல்கலைக்கழகத்தில் 2004இல் "ஒலிவ் மரம்" என்னும் புலமைப்பரிசில் திட்டம் தொடங்கப்பட்டது. இஸ்ரேலிய மாணவரும் பலஸ்தீன மாணவரும் இங்கு பட்டப்படிப்பு முழுவதையும் கற்கலாம். அதற்கு ஈடாகத் தமக்குள் உரையாட வேண்டும் என்பது நிபந்தனை. அதனைப் பல ஆண்டுகள் நெறிப்படுத்திய மத்திய கிழக்கு ஆய்வாளர் றோஸ்மேரி ஹொலிஸ் அப்பட்டறிவை 2019இல் ஒரு நூலாக எழுதினார். ஒவ்வொரு தரப்பும் தன் கதைக்குள் தானே அகப்பட்டுக்கொள்ளும் பொறியைப் பற்றியது அந்நூல். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

2008 டிசம்பர் இறுதியில் காசா மீது குண்டுகள் விழத் தொடங்கியபோது அத்திட்டம் நடந்துகொண்டிருந்தது. சொந்த மண் எரியும் வேளையில், எரிப்பவர் நாட்டுச் சக மாணவரோடு ஒரே மேசையில் அமர்வது எத்தகையது என்பதை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அடுத்த சில மாதங்களில், 2009 ஏப்ரல் 6 முதல், எமது மாணவர்கள் இதே இலண்டனில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் இரவு பகலாக நின்றனர். அன்று அவர்களிடம் சென்று சிங்கள மாணவரோடு உரையாடுங்கள் என்று எவரேனும் சொல்லியிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? காலம் தெரியாமல் முன்வைக்கப்படும் உரையாடல் அழைப்பு ஓர் அவமதிப்பாகவே காதில் விழும்.

கடல் கடந்து மற்றோர் எடுத்துக்காட்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஏர்வைன் வளாகத்தில் யூத, முஸ்லிம், கிறித்தவ மாணவர்கள் சேர்ந்து 2007இல் அமைத்த ஒலிவ் மர முன்னெடுப்பு, 2008 முதல் மாணவரை இஸ்ரேலுக்கும் மேற்குக் கரைக்கும் அழைத்துச் சென்றது. 2009ஆம் ஆண்டுப் பயணத்தில் மாணவர்கள் ஹமாஸ் பட்டியலில் தெரிவாகிப் பலஸ்தீன சட்டமன்றச் சபாநாயகரான அசீஸ் துவைக்கைச் சந்தித்தனர். பயணத்துக்கு நிதியுதவி வழங்கிய உள்ளூர் யூத சம்மேளனம் பல்கலைக்கழகத் தலைமைக்குக் கண்டனக் கடிதம் அனுப்பியது. 2011இல் அக்கடிதம் வெளியே வந்தபோது சர்ச்சை மீண்டும் வெடித்தது. மாணவர்கள் அச்சந்திப்பில் என்ன கேட்டார்கள், என்ன கற்றார்கள் என்பதைப் பற்றி விவாதித்தோர் சிலரே. எவரைச் சந்திக்கலாம், எவர் பணத்தில் சந்திக்கலாம் என்பதே சண்டையின் மையமாயிற்று.

மறுபுறத்திலிருந்து வரும் எதிர்ப்பு வேறு வகையானது. 2004இல் தோன்றிய பலஸ்தீனக் கல்வி, பண்பாட்டுப் புறக்கணிப்பு இயக்கம் இத்தகைய கூட்டு முயற்சிகளை "இயல்பாக்கல்" என்று கண்டிக்கிறது. ஆக்கிரமிப்பை எதிர்க்காமல், ஆக்கிரமிப்பவரையும் ஆக்கிரமிக்கப்பட்டவரையும் சம வலுவுள்ள இரு அயலவர் போலக் காட்டும் உரையாடல் அநீதிக்கு வெள்ளையடிக்கிறது என்பது அவர்களது வாதம். எமக்கு இது மிக நெருக்கமாகக் கேட்கிறது. "இரு தரப்பிலும் தவறு" என்ற சொற்றொடரை 2009இன் பின்னர் எத்தனை மேடைகளில் கேட்டுவிட்டோம்!

அசல் அஸ்லேயையும் இங்கு நினைவுகூர வேண்டும். இஸ்ரேலியக் குடியுரிமை கொண்ட பலஸ்தீன இளைஞன். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1993 முதல் நடைபெறும் "சமாதான விதைகள்" முகாமுக்குச் சென்று, யூத நண்பர்களைச் சேர்த்துக்கொண்டவன். 2000 ஒக்டோபர் 2ஆம் நாள், தன் ஊரான அராபாவில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது இஸ்ரேலியக் காவற்றுறையால் சுட்டுக் கொல்லப்பட்டான். வயது 17. அப்போது அவன் அணிந்திருந்தது அம்முகாமின் பச்சை ரீசேட். அரச விசாரணை ஆணைக்குழு அமைந்தது, அறிக்கையும் வந்தது. எவர் மீதும் குற்றவழக்குத் தொடரப்படவில்லை. நட்பு அவனைக் காக்கவில்லை என்பது உண்மை. அவன் அந்த நட்பை நாடியது பிழை என்று கூற எமக்கு மனம் வரவில்லை.

ஆகவே ஹரோத் தாயாருக்கு எமது விடை: மகளைத் தடுக்க வேண்டாம். வெறுங்கையோடும் அனுப்ப வேண்டாம்.

முதலில் ஒழுங்கமைப்பாளர்களிடம் கேட்க வேண்டியவை உள. பணம் எவருடையது? ஓர் அரசின் தூதரகமோ அமைச்சோ பின்னால் நின்றால் அது அழைப்பிதழிலேயே எழுதப்பட வேண்டும். பயண நிரலில் கொழும்பு விடுதியும் கண்டிப் பெரகராவும் யாழ் கோட்டையும் மட்டும்தானா? 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் போராடும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரைச் சந்திக்க ஒரு முழுநாள் உண்டா? 2025இல் மீண்டும் அகழப்பட்டபோது 200க்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் வெளிவந்த செம்மணியின் வாசலிலாவது நிற்பார்களா? 2021 சனவரியில் இரவோடிரவாக இடிக்கப்பட்டுப் பின்னர் மீள எழுப்பப்பட்ட நினைவுத்தூபிக்கு அருகே யாழ். பல்கலைக்கழக மாணவரோடு பேச இடமுண்டா? "இனவழிப்பு" என்ற சொல்லை ஒரு மாணவி உச்சரித்தால் நெறியாளர் அவளை நிறுத்துவாரா? எடுக்கப்படும் ஒளிப்படங்கள் எங்கே, எந்த வாசகத்தோடு வெளியாகும்? கைகோத்துச் சிரிக்கும் பன்னிரு மாணவரின் படம் நல்லிணக்கத்துக்குச் சான்றாக ஜெனிவாவில் காட்டப்படலாம். அந்தப் படத்துக்கு உடன்பட மறுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் எழுத்தில் வேண்டும்.

பாதுகாப்பும் சிறு விடயமன்று. 2014இல் இலங்கை அரசு 16 புலம்பெயர் அமைப்புகளையும் 424 தனிநபர்களையும் தடைப்பட்டியலில் இட்டது. பின்னர் சில நீக்கப்பட்டன, 2021இல் சில மீளச் சேர்க்கப்பட்டன, 2022இல் மீண்டும் சில நீக்கப்பட்டன. இங்கு ஊர்வலத்தில் கொடி பிடித்த பிள்ளைக்கு அங்கு இடர் நேருமாயின் பொறுப்பேற்பவர் யார் என்பதைப் பெற்றோர் வெட்கப்படாமல் கேட்கலாம்.

இவற்றைக் காட்டிலும் கடினமானது வீட்டுக்குள் இருக்கிறது. மகள் சொன்னதைப் பாருங்கள்: "நீங்களும் எனக்கு ஒண்டும் சொன்னதில்லை." பரதநாட்டியத்துக்கும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் ஏ-லெவல் ரியூசனுக்கும் பிள்ளையை ஏற்றி இறக்கிய நாம், 1983 யூலையில் எந்த அகதி முகாமில் இருந்தோம், கட்டுநாயக்கா வரை எப்படி வந்தோம், எந்தச் சித்தப்பா ஏன் படத்தில் மட்டும் இருக்கிறார் என்பதைச் சொல்லாமலே இருபது ஆண்டுகளைக் கடத்திவிட்டோம். பிள்ளை பயப்படக்கூடாது என்று எண்ணினோம். சொல்லத் தொடங்கினால் நாமே உடைந்துவிடுவோம் என்றும் அஞ்சினோம்.

சொல்லும்போது எமக்கு வசதியானதை மட்டும் சொல்லி அனுப்பினால் பிள்ளை அங்கே தனித்து நிற்பாள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். புத்தளம் முகாமில் பிறந்த ஒருவரின் மகன் அந்தப் பன்னிருவரில் இருக்கக்கூடும். அவன் அதைக் கேட்கும்போதுதான் எங்கள் பிள்ளை முதன்முறையாக அறிய வேண்டுமா? அதுபோலவே, 1980களின் இறுதியில் தெற்கில் காணாமல் ஆக்கப்பட்ட சிங்கள இளைஞர்களையும், 2012இல் மாத்தளையில் வெளிப்பட்ட புதைகுழியையும் பற்றி அவள் அறிந்திருந்தால், தன் எதிரில் இருக்கும் சிங்கள மாணவியிடம் கேட்க அவளிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கும். உங்கள் ஊரிலும் இதே அரசுதானே இதைச் செய்தது என்ற கேள்வி.

சென்ற ஞாயிறு அத்தாயார் மீண்டும் அழைத்தார். தந்தையார் இன்னும் இணங்கவில்லை. ஆனால் மகளோடு அமர்ந்து, ஒழுங்கமைப்பாளர்களுக்கு அனுப்பும் கேள்விகளை ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தது அவர்தானாம். கிளிநொச்சி நிரலில் சேர்க்கப்பட்டுவிட்டது. செம்மணி பற்றி "நேரம் இடமளித்தால்" என்று பதில் வந்திருக்கிறது. ஒளிப்படங்கள் பற்றிப் பதிலே இல்லை. அது வரும்வரை மகள் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடவில்லை.