'தரிசு' என்றொரு பொய்

காற்றாலைக்கு நிபந்தனை கேட்பவர் வளர்ச்சியின் பகைவர் என்றொரு வாதம் உலவுகிறது. சங்கரன்கோவில் வட்டாரத்துக் காற்றாலைகளை நாள்தோறும் காணும் நாம் அவற்றின் எதிரிகள் அல்லோம். நிலக்கரிப் புகையினும் காற்று மேலானது என்பதில் நமக்கு ஐயமில்லை. நாம் மறுப்பது வேறு.

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. எனவே, நிறுவுமுன் அந்நிலத்தில் எவ்வுயிர்கள் வாழ்கின்றன என ஆராயும் கட்டாயம் அதனால் எவர்க்கும் இல்லை. மலையில் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது, நன்று. கீழே, முள்ளும் புல்லும் மண்டிய சமவெளிக்கு வருவாய்ப் பதிவேடு தரும் பெயரோ 'தரிசு'. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மயிலை முதல் அட்டவணையில் வைத்தது. அது மேயும் தரிசுக்கு எந்தக் காவலும் இல்லை. உயிரைக் காத்து உறைவிடத்தைக் கைவிடுவது என்ன நீதி?

விளைவை இராஜஸ்தானில் கண்டோம். அருகிவரும் கானமயில்கள் மின்கம்பிகளில் மோதி மடிந்தன. 2021இல் உச்ச நீதிமன்றம் அவற்றின் வாழிடங்களில் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கப் பணித்தது. 2024இல், அத்துணைப் பரப்பில் அது நடைமுறைக்கு ஒவ்வாதென அவ்வாணையைத் தளர்த்தியது. கம்பி இழுத்தபின் தேடும் பரிகாரம் இவ்வளவே.

அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் ஊரினர் நாம். மின்சாரமா, உயிரினமா என்னும் கேள்வியே நமக்குப் பிழையாகப் படுகிறது. காற்றாலைக்கும் கம்பித் தடத்துக்கும் முன்னாய்வைச் சட்டம் கட்டாயமாக்கட்டும். முடிவைத் தமிழில் ஊராட்சியின்முன் வைக்கட்டும்.