கேட்டுக்கு அடித்த பெயின்ட் காரில் படிந்தால்...

கேள்வி: எங்களுக்கு அரை ஏக்கர் நெல்லும் இரண்டு பட்டுத் தறியும் இருக்கின்றன. தறிக்கொட்டகையின் இரும்புக் கேட்டுக்குக் கம்பிரசர் வைத்துப் பச்சை எனாமல் அடித்தோம். பாவு கொடுக்கும் முதலாளி, அவர் தெருவில் இடம் இல்லை என்று காரை எங்கள் வீட்டு ஓரமாகத்தான் நிறுத்துவார். அன்றைக்கும் நிறுத்திவிட்டு, கோரா பட்டு வாங்க பஸ்ஸில் பெங்களூரு போய்விட்டார். ஆடிக் காற்றில் பெயின்ட் பறந்து அந்த வெள்ளைக் கார் முழுக்கப் பச்சைப் பொடியாக ஒட்டியிருக்கிறது. மறுநாள்தான் பார்த்தோம். தின்னரில் துடைத்தால் போய்விடும், அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்கிறான் தம்பி. கார் பெயின்ட்டும் சேர்ந்து போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்குப் பாவு வாங்க வேண்டிய நேரம் இது. என்ன செய்யலாம்?

– வாசகர், பெரணமல்லூர், திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்த கேள்வி இது. இதழ் அச்சாகி வரும் வரை காத்திருக்க முடியாத விஷயம் என்பதால் அன்றைக்கே அவரிடம் போனில் பேசிவிட்டேன். டிராக்டர், டில்லர், பைக் என்று எல்லோர் வீட்டு வாசலிலும் ஏதோ ஒன்று நிற்கிறது. அதனால் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் சொன்னது, 'தின்னர் டப்பாவை மூடி வையுங்கள், முதலாளிக்குப் போன் போடுங்கள்' என்பதுதான். அவருக்கு அது பிடிக்கவில்லை. 'வந்து பார்த்தால் திட்டுவார், இப்போதே ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்' என்றார். ஆனால் அடுத்தவர் வண்டியில் அவருக்குத் தெரியாமல் கை வைத்து, ஒரு இடத்தில் மங்கிப்போனால், பெயின்ட் பறந்தது பின்னுக்குப் போய்விடும், மறைத்ததுதான் முன்னால் நிற்கும். இன்னொரு காரணமும் உண்டு. அந்த வண்டியின் கதை அவருக்குத்தான் தெரியும். எந்தக் கதவு இடிபட்டு லோக்கல் பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்தது, மேலே ஏதாவது கோட்டிங் போட்டிருக்கிறாரா, கம்பெனி வாரன்டி இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாமல் தொடக்கூடாது.

அடுத்து, விழுந்தது என்ன பெயின்ட் என்று பார்க்க வேண்டும். டப்பா இருந்தால் அதிலேயே எழுதியிருக்கும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன், டிஸ்டம்பர் எல்லாம் தண்ணீரில் கலப்பவை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலே பெரும்பாலும் உரிந்துவிடும். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்கிற சிந்தெடிக் எனாமல் வேறு ஜாதி. அது காற்றில் உள்ள ஆக்ஸிஜனைப் பிடித்து மெல்ல மெல்ல இறுகும். சில மணி நேரத்தில் கையில் ஒட்டாது. ஆனால் உள்ளே இறுகி முடிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் என்றால் டர்பன்டைன் அதை இளக்கும், வாரக் கணக்கில் விட்டுவிட்டால் இளக்காது. பட்டறைகளில் அடிக்கும் என்.சி. பெயின்ட் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஆனால் எத்தனை வருடம் ஆனாலும் தின்னரில் கரையும். ஹார்டனர் கலந்து அடிக்கிற பி.யு. பெயின்ட் காய்ந்துவிட்டால் எதிலும் கரையாது. அது விழுந்திருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

நம் வாசகருடையது எனாமல், நான்கு நாள் ஆகியிருந்தது. நல்ல வேளை.

தின்னரை ஏன் வேண்டாம் என்றேன்? காரின் தகட்டுக்கு மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. அத்தனையும் சேர்ந்தாலே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். பளபளப்பைத் தரும் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 மைக்ரான், தலைமுடியின் கனத்தில் பாதி அளவு. கம்பெனியில் சூட்டில் வேகவைத்து வந்த கிளியர் கோட் தின்னரில் உடனே கரைந்துவிடாது என்றாலும் ஊறினால் மங்கும். லோக்கல் பட்டறையில் என்.சி. அடித்த கதவாக இருந்தால், பச்சைப் புள்ளியோடு வெள்ளையும் துணியில் வந்துவிடும். பம்பரும் ஹெட்லைட்டும் பிளாஸ்டிக். தின்னர் பட்டால் ஹெட்லைட்டில் மெல்லிய வெடிப்பு விழுந்து வெளுத்துவிடும். அதைச் சரி செய்ய வழி கிடையாது, புதிதுதான் வாங்க வேண்டும்.

பெட்ரோலும் வேண்டாம். கரைக்கிறதோ இல்லையோ, தீப்பிடிக்கும். மண்ணெண்ணெயும் டர்பன்டைனும் கொஞ்சம் சூடானால்தான் பற்றுகிற அளவுக்கு ஆவி விடும். பெட்ரோலும் தின்னரும் நம் ஊர் மார்கழிக் குளிரிலேயே விட்டுக்கொண்டிருக்கும். தறியும் பட்டும் இருக்கிற கொட்டகை வாசலில் அந்த ஆவியைப் பரப்பிவிட்டு, பக்கத்தில் யாராவது பீடி பற்றவைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டியது. வண்டியை நிழலுக்கு நகர்த்துங்கள். பானெட் கையைச் சுடும்போது எதையும் தடவக்கூடாது, காலை வேளைதான் நல்லது. நிறையத் தண்ணீர் ஊற்றி மண்ணும் தூசியும் போகக் கழுவுங்கள். கார் ஷாம்பு போதும், துணிக்குப் போடும் சோப்புத்தூள் வேண்டாம். இந்த வேலையை அவசரமாகச் செய்தால், பிறகு தேய்க்கும்போது மணலே உப்புத்தாளாக மாறிக் கோடு போட்டுவிடும். கழுவியதும் கையை ஒரு மெல்லிய பாலிதீன் கவருக்குள் விட்டு ஈரமான மேல்பாகத்தில் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு அதில் நன்றாகத் தெரியும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் இடத்தைவிட இரண்டு மடங்கு இடத்தில் பெயின்ட் இருக்கும். வெள்ளை எனாமல் வெள்ளைக் காரில் விழுந்திருந்தால் இப்படித் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும்.

காற்றில் பறந்து வரும் துளி வழியிலேயே பாதி காய்ந்துவிடும். அதனால் பிரஷ்ஷில் அடித்தது போலக் கவ்விப் பிடிக்காமல், மேலே உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். இது நமக்குச் சாதகம். இதற்கென்றே 'கிளே பார்' என்று ஒன்று கார் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. சின்ன சோப்புக் கட்டி அளவில், பிசைகிற மாவு மாதிரி இருக்கும். சில நூறு ரூபாய் ஆகும். களிமண் என்றுதான் பெயர், அதற்காக ஏரி மண்ணை எடுத்துத் தேய்த்துவிடாதீர்கள், அதில் மணல் இருக்கும்! கட்டியில் கால் பங்கை எடுத்து உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிக்கொள்ளுங்கள். ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, இரண்டடிக்கு இரண்டடி இடமாக, அழுத்தாமல் முன்னும் பின்னும் நேராக ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் நின்று வழுக்கிக்கொண்டு போனால் அந்த இடம் முடிந்தது. கட்டியில் பச்சை ஏறியதும் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்துவிட்டால் அந்தத் துண்டை எறிந்துவிட வேண்டும், சிக்கனம் பார்க்கக்கூடாது. ஒரு கல் துணுக்கு ஒட்டியிருந்தாலும் கார் முழுக்கக் கீறல் விழும்.

அதற்கும் போகாத பெரிய புள்ளிகளுக்கு மட்டும் டர்பன்டைன். அதையும் முதலில் கதவின் அடிப்பக்கம், கண்ணில் படாத மூலையில் தொட்டுப் பாருங்கள். துணியில் கார் நிறம் வந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். வரவில்லை என்றால், பழைய பருத்தித் துணியில் கொஞ்சம் நனைத்து, புள்ளி மேல் அரை நிமிடம் ஒற்றி வைத்து, ஒரே பக்கமாகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் பச்சை பரவத்தான் செய்யும். உடனே ஷாம்புத் தண்ணீரில் கழுவுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், நனைந்த துணியைக் கொட்டகைக்குள் சுருட்டிப் போடாமல் வெளியே விரித்துக் காயவையுங்கள்.

கடைசியில் நிழல் மாதிரி மங்கல் இருந்தால் ரப்பிங் காம்பவுண்ட், அதன் பிறகு பாலிஷ். காம்பவுண்ட் என்பது கிளியர் கோட்டையே கொஞ்சம் சீவி எடுப்பது. அதனால் கையால் மட்டும், அதுவும் தேவையான இடத்தில் மட்டும். கதவு விளிம்பிலும் மடிப்பு வரும் இடங்களிலும் பூச்சு மெல்லிசாக இருக்கும், அங்கே வேண்டாம். ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சு மாட்டித் தேய்க்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். பாலிஷ் மெஷினோ ஆயிரம், இரண்டாயிரம் சுற்றில் ஓடுவது. ஒரு நொடியில் பெயின்ட் கருகிவிடும்.

கண்ணாடிகள் சுலபம். சோப்புத் தண்ணீரில் நன்றாக நனைத்து, புது பிளேடைப் படுக்கை வாட்டில் வைத்து ஒரே திசையில் சுரண்டினால் வந்துவிடும். ஹெட்லைட்டில் பிளேடு கூடாது, அங்கே கிளே பார் மட்டும்தான். வைப்பர் ரப்பரையும் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையில் அதில் ஒட்டிய பெயின்ட் பொடி கண்ணாடியைக் கீறும். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் பட்டிகளில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் ஷாம்புவும் போட்டுப் பார்க்கலாம். எல்லாம் போகும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்சூரன்ஸில் வாங்கலாமா என்றும் கேட்டார். வண்டிக்கு முழுக் காப்பீடு இருந்தால் உரிமையாளர் கேட்டுப் பார்க்கலாம், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் கிடையாது. ஆனால் ஒரு முறை க்ளெய்ம் செய்தால், அடுத்த வருடம் பிரீமியத்தில் கிடைக்கும் 'நோ க்ளெய்ம் போனஸ்' போய்விடும். அது முதல் வருடத்துக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி 50 சதவிகிதம் வரை ஏறுவது. கிளே பாருக்கும் பாலிஷுக்கும் ஆகிற செலவுக்காக அதை இழக்கச் சொல்லி ஒருவரிடம் கேட்பது நியாயமில்லை. அந்தச் செலவு உங்களுடையது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள் என்றேன்.

போன் போட்டாராம். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, 'இடது பக்கப் பின்கதவு போன வருஷம் அடிச்சது, அதை மட்டும் தொடாதே, நான் வந்து பார்க்கிறேன்' என்றாராம். தின்னர் போட்டிருந்தால் முதலில் உரிந்திருப்பது அந்தக் கதவுதான். மீதியை அண்ணனும் தம்பியும் இரண்டு காலைப் பொழுதில் முடித்திருக்கிறார்கள். கதவை ஆரணியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் கொடுத்துத் துடைத்திருக்கிறார்கள், கூலி இவர்களுடையது. கூரையில் இன்னும் கை வைத்தால் லேசாகச் சொரசொரக்கிறதாம். பாவு வந்துவிட்டது.

ஒரு விஷயம் அவரிடம் கேட்க மறந்துவிட்டேன். கம்பி கேட்டுக்கு எதற்குக் கம்பிரசர்? சாதாரண ஸ்பிரே துப்பாக்கியில் தட்டையான தகட்டுக்கு அடித்தாலே பாதிக்கும் மேல் காற்றோடு போகும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் வெறும் இடமாக உள்ள கேட்டில் இன்னும் அதிகம். காசு கொடுத்து வாங்கிய பெயின்ட்டைத் தெருவுக்கும் நம் நுரையீரலுக்கும் அடிக்கிறோம். கேட்டுக்கு பிரஷ்தான் சரி. ஸ்பிரேதான் அடிக்க வேண்டும் என்றால், காற்று கிளம்புவதற்கு முன் விடியற்காலையில், மூக்குக்கு மாஸ்க் கட்டிக்கொண்டு, வண்டிகளைத் தெருக்கோடிக்கு நகர்த்திவிட்டு அடியுங்கள். நகர்த்த முடியாததைத் தார்ப்பாயால் மூடுங்கள். நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில்தான் பாவை நீட்டிக் கட்டி வேலை பார்ப்பார்கள் என்பதால், அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். காரில் விழுந்த எனாமலை எடுக்க வழி இருக்கிறது. பட்டு இழையில் விழுந்தால் எதைப் போட்டும் எடுக்க முடியாது.

கேள்வி: தென்னை மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது புது பைக்கின் டேங்க்கில் தெறித்துக் காய்ந்துவிட்டது. சுரண்டலாமா?

– வாசகர், வந்தவாசி.

பதில்: சுரண்ட வேண்டாம், காய்ந்த சுண்ணாம்பு கல் மாதிரிதான், கீறிவிடும். வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து, துணியில் நனைத்து அந்த இடத்தில் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள். நுரைத்து இளகும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, மீதி இருந்தால் இன்னொரு முறை செய்யுங்கள். வினிகரை சைலன்சர், அலுமினியப் பாகங்கள் பக்கம் வழிய விடாதீர்கள். அடுத்த முறை தெறித்தவுடனே, காய்வதற்கு முன் தண்ணீர் ஊற்றினால் இந்த வேலையே இருக்காது.