ரெண்டு நாள் வாடகை

ஸ்டூடியோவுக்குள்ளேயே வீடு கட்டி, அதிலேயே குடித்தனம் நடத்தி, க்ளைமாக்ஸில் அதையே கொளுத்தியும் விட்ட காலம் ஒன்று இருந்தது. 1977-ல் '16 வயதினிலே' வந்தது. கேமரா கிராமத்துப் பக்கம் இறங்கியது. அப்புறம் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீட்டு முற்றங்களில்தான் எத்தனை கல்யாணம், எத்தனை பஞ்சாயத்து! அங்கெல்லாம் பாதி வீட்டுக்காரர்கள் வெளியூர். ஷூட்டிங் பாட்டுக்கு நடக்கும். எங்கள் வீட்டில் நாங்களே இருக்கிறோமே, அதுதான் சிக்கல்.

2025 ஆடி மாசம். நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீடு. ஹாலில் ஊஞ்சல், சிவப்பு ஆக்சைடு தரை. சீரியல் கம்பெனி மேனேஜர் தரையைப் பார்த்து உருகிவிட்டார். "ரொம்ப ஹோம்லியா இருக்கு சார்!" (வீடு வேறே எப்படி இருக்குமாம்?) நாளுக்கு 10,000 ரூபாய், ரெண்டு நாள். ஹாலும் வாசலும் மட்டும்.

நான் பி.காம். சும்மா விடுவேனா? கரண்டு அவர்கள் ஜெனரேட்டரிலிருந்து, ராத்திரி ஒன்பதுக்கு மேல் போனால் மணிக்கு இவ்வளவு, சுவரில் ஆணி அடித்தால் பூசித் தரணும், உடைந்தால் அட்வான்சில் கழிவு என்று பத்திரத்தாளில் எழுதி வாங்கினேன். வீட்டில் இருக்கிற சாமானையெல்லாம் முன்கூட்டியே செல்போனில் படம் பிடித்து வைத்தேன். மனைவி பெருமையாகப் பார்த்தாள். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற விஷயம்.

வந்தது நாற்பது பேர். பத்து நிமிஷத்தில் ஹால் எங்களுடையதாக இல்லை. டிராலி ஓட தண்டவாளம், ஜன்னலுக்கு வெளியே சூரியனைவிடப் பெரிய லைட்டு. சத்தம் பதிவாகுமாம், ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள். திரும்பப் போட எல்லோரும் மறந்ததில் ரெண்டு நாள் தயிர் புளித்து மோர்க்குழம்பானது. எங்கள் வீட்டு பாத்ரூமுக்கு நானே க்யூவில் நின்றேன். "தம்பி, நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்றார் முன்னால் நின்றவர்.

கடைசியில் பணம் கொடுக்கும்போது 2,000 ரூபாய் குறைந்தது. வரிப் பிடித்தமாம். "கட்டட வாடகை மாசம் 50,000-ஐத் தாண்டினால்தான் சார் 10 சதவீதம்" என்றேன். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மீதியை எண்ணிக் கொடுத்தார். என் டிகிரி சம்பாதித்த முதல் 2,000!

மறுநாள் காலை அம்மா பூவோடு ஹாலுக்குப் போனாள். "ஏண்டா, இது யாருடா?"

அப்பா படம் இருந்த ஆணியில் முறுக்கு மீசையோடு ஒருத்தர் தொங்கிக்கொண்டிருந்தார். கதாநாயகியின் செத்துப்போன அப்பாவாம். ஆர்ட் பையன்கள் நிஜ அப்பாவை மூட்டை கட்டி வேனில் ஏற்றிவிட்டு, பொய் அப்பாவை விட்டுப் போயிருக்கிறார்கள். பத்திரத்தில் அது ஒன்றைத்தான் நான் எழுதவில்லை. நெகட்டிவ் கிடையாது. வேறு நல்ல படமும் கிடையாது. அம்மா அன்றைக்கு காபி சாப்பிடவில்லை.

மீசைக்காரரை பைக்கில் வைத்துக்கொண்டு வளசரவாக்கம் ஓடினேன். பெரிய பங்களா. வில்லியின் ஹால். சுவரில் ரோஜா மாலையோடு என் அப்பா!

"ஸாரி சார், காலையிலேயே நாலு சீன் எடுத்தாச்சு. கன்டினியூட்டி! இனிமே இவர்தான் மேடத்தோட ஹஸ்பெண்ட்" என்றார் மேனேஜர். படத்துக்கு நாள் வாடகை என்ன கேட்கலாம் என்று மனசு கணக்குப் போட்டது உண்மை. ஆனால் அம்மாவுக்குத்தான் போன் போட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வீடு பெரிசா?" என்றாள்.

"பெரிசும்மா. மார்பிள்."

"ரோஜா மாலையா போட்டிருக்காங்க?"

"ஆமா."

"பிரதி எடுத்துக்கட்டும். நம்மளத நீ கொண்டாந்துடு."

இப்போது தினமும் ராத்திரி அந்த சீரியல்தான். நேற்று வில்லி, சரியாக அப்பா படத்துக்குக் கீழே நின்று, மருமகள் பாலில் விஷம் கலக்கத் திட்டம் போட்டாள். மனைவி பதறிப்போனாள். அம்மா டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அவர் காதுல விழும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். இங்கேயும் அப்படித்தான் இருந்தார்."