பக்கத்துக்குள்ளே நிரலைக் கலந்தால் தப்பா?



கம்ப்யூட்டர் வகுப்பில் நாம் எழுதின இணையப் பக்கமெல்லாம் கல்வெட்டு மாதிரி. எழுதினது எழுதினபடியே நிற்கும். 40 பேர் மதிப்பெண்ணைத் தனித்தனியாகக் காட்டணும்னா 40 பக்கம் எழுதணும். பிஹெச்பி என்கிற நிரல்மொழி இருந்தால் ஒரே பக்கம் போதும். டி.சி. படிவத்தில் பெயருக்கு இடம் விட்டு அச்சடிச்சிருப்பாங்களே, அதே வேலைதான்:

வணக்கம் <?= $பெயர் ?>

இந்தக் குறிகளுக்கு வெளியே இருப்பது சாதாரணப் பக்கம், உள்ளே இருப்பது நிரல். சர்வர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்து அந்த இடத்தில் நிரப்பி அனுப்பிடும். பார்க்கிறவங்களுக்கு நிரல் தெரியவே தெரியாது. $பெயர் என்று தமிழிலேயே வைத்தாலும் ஏத்துக்கும். (எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது.)

பாலிடெக்னிக் படிக்கிற எங்க பெரியப்பா மகன், "இப்படிக் கலந்து எழுதுறது கெட்ட பழக்கம். நிரல் தனியா, பக்கம் தனியாத்தான் கத்துக்கணும்" என்கிறார். பெரிய கம்பெனிக்கு அது சரி. நமக்கு, எந்தக் கோப்பு எதைக் கூப்பிடுதுன்னு புரியறதுக்குள்ளே பீரியடே முடிஞ்சிடும். கலந்து எழுதினால், நேத்து எழுதின பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்தால் போதும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் இதைத் தொடங்கினதும் தன் சொந்தப் பக்கத்துக்காகத்தான். இன்னிக்குத் தமிழ் விக்கிப்பீடியா ஓடுற மீடியாவிக்கியும் பிஹெச்பியில் எழுதினதுதான்.

அண்ணன் சொல்றதில் பாதியை ஒத்துக்கிறேன். கூட்டல், சராசரி, தேர்ச்சியா இல்லையா எல்லாத்தையும் பக்கத்தின் நடுவிலே போட்டால், அரிசியில் கல் கலந்த மாதிரி பொறுக்கி மாளாது. கணக்கை மேலேயே முடிச்சிட்டு, கீழே விடையை மட்டும் நிரப்பணும். இன்னொண்ணு, வெளியாள் டைப் செய்ததை அப்படியே காட்டக் கூடாது. பெயர் கேட்ட கட்டத்தில் ஒருத்தன் நிரலை எழுதி வெச்சால், அது பக்கத்தைத் திறக்கிறவங்க பிரவுசரில் ஓடிடும். < என்ற குறியை வெறும் எழுத்தாகக் காட்ட வைக்கிற கட்டளை பிஹெச்பியிலேயே இருக்கு. அதை முதல் நாளே சொல்லித் தரணும்.

2012-இல் வந்த 5.4 பதிப்பிலிருந்து, பழகுறதுக்கான சர்வரும் பிஹெச்பிக்குள்ளேயே இருக்கு. இண்டர்நெட் இல்லாத நாளிலும் லேபில் செய்து பார்க்கலாம், காசும் கிடையாது. அதனால் வாரத்தில் ஒரு கம்ப்யூட்டர் பீரியடை இதுக்கே ஒதுக்குங்க, டீச்சர். மூணு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்றால் மவுஸ் எப்பவும் பையன்கள் கையில்தான் இருக்கு. அதை முறை வெச்சு மாத்திக் கொடுக்கணும்னும் சேர்த்தே கேட்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி