பிறந்த ஊர் பார்க்கும் வரிசை

அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசனில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். என் கணவருக்குக் கும்பகோணம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மென்பொருள் வேலை, ஒரே எச்-1பி விசா. அவர்கள் வீட்டில் கிரீன் கார்டு வந்து, குடியுரிமைப் பிரமாணமும் எடுத்தாகிவிட்டது. நாங்கள் 2014-இல் போட்ட மனுவோடு நிற்கிறோம். வரிசை எதுவரை நகர்ந்தது என்று மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டினில், 2025 கடைசியிலும் எங்கள் பிரிவில் இந்திய வரிசை 2013-இல் மனு போட்டவர்களைத் தாண்டவில்லை.

வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 1990-இல் எழுதிய சட்டம் இது. நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே வரம்பு. பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த இடத்தை. கணவன், மனைவி இருவரில் யார் பிறந்த நாட்டின் வரிசை சீக்கிரம் நகர்கிறதோ அதில் சேர்ந்துகொள்ளலாம். அதனால் ஜாதகம் கேட்கும்போதே, "பொண்ணு பொறந்தது குவைத்தா, சென்னையா?" என்று விசாரிக்கிற மாமிகளை இங்கே பார்த்திருக்கிறேன். சிரிப்பு வரும், ஆனால் அவர்கள் கணக்கில் தப்பில்லை.

இந்த நாட்டு வரம்பை எடுக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. செனட்டில் அதை முன்னின்று ஆதரித்தவர்கள் குடியரசுக் கட்சியின் மைக் லீயும், துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸும். அந்த நாட்களில் வாட்ஸப்பில் வந்த வாசகத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு செனட்டர் அலுவலகங்களுக்குப் போன் போட்டவர்களில் நானும் ஒருத்தி. எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு இங்கே ஓட்டு உண்டா?" என்றார். இல்லை என்றதும் அதே பொறுமையோடு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மசோதாவுக்குக் குறுக்கே நின்ற செனட்டர் டிக் டர்பினை எங்கள் குழுக்களில் திட்டாதவர்கள் இல்லை. 'இனவெறி' என்றுகூட எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் கணவரோடு வேலை பார்க்கும் ஈரானியப் பெண் ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே நேராகக் கேட்டாள்: "எண்ணிக்கையைக் கூட்டாமல் வரம்பை மட்டும் எடுத்தால், பல வருஷத்துக்கு எல்லா கார்டும் உங்களுக்குத்தானே போகும்? நாங்கள் எங்கே போவது?" பதில் சொல்ல முடியாத கேள்வி. பிலிப்பைன்ஸ் நர்ஸ்களுக்கும் அதே பயம்தான். ஒரு பந்தியில் இலை போதவில்லை என்றால் யார் முதலில் உட்காருவது என்று அடித்துக்கொள்வதில் என்ன லாபம்?

டர்பின் அப்போது வேறொரு மசோதாவையும் வைத்தார்: எண்ணிக்கையைக் கூட்டலாம், மனைவி மக்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நாட்டு வரம்பையும் எடுக்கலாம் என்று. என் வாதத்தின் உயிர்நிலை அந்த நடு அம்சத்தில் இருக்கிறது. 1,40,000 என்பது வேலைக்காரர்களின் எண்ணிக்கை அல்ல. ஒருவர் வாங்கும்போது அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அதிலிருந்தே கழிக்கிறார்கள். பாதிக்கு மேல் குடும்பத்தாருக்கே போய்விடுகிறது. அதை நிறுத்தினால் ஈரானியருக்கும் நஷ்டமில்லை, எங்களுக்கும் வழி பிறக்கும். 2013-இல் செனட் 68-க்கு 32 என்று நிறைவேற்றிய பெரிய குடியேற்ற மசோதாவில் இந்த அம்சம் இருந்தது. பிரதிநிதிகள் சபையின் அப்போதைய சபாநாயகர் ஜான் போய்னர் அதை ஓட்டெடுப்புக்கே கொண்டுவரவில்லை. 2020 டிசம்பரில் நாட்டு வரம்பு மசோதாவைச் செனட் ஒருவழியாக ஏற்றபோது, அது சபை நிறைவேற்றிய வடிவத்திலிருந்து மாறியிருந்தது; இரண்டையும் இணைப்பதற்குள் அவையின் காலமே முடிந்துவிட்டது.

மக்கள் எதிர்ப்பால்தான் எதுவும் நடக்கவில்லை என்று சொல்வதையும் நான் நம்புவதில்லை. 2025 ஜூலையில் வந்த காலப் கருத்துக்கணிப்பில், குடியேற்றம் நாட்டுக்கு நல்லது என்றவர்கள் 79 சதவீதம். அதைக் குறைக்க வேண்டும் என்றவர்கள் முந்தைய ஆண்டின் 55-லிருந்து 30-க்கு இறங்கிவிட்டார்கள். ஆதரவு இருக்கிறது. ஆனால் எல்லை தாண்டி வருபவர்களைப் பற்றிய சண்டை முடிந்தால்தான் மற்றதைப் பேசுவோம் என்று இரண்டு கட்சியும் இதை அதோடு முடிச்சுப்போட்டு வைத்திருக்கின்றன.

என் மகளுக்கு 19 வயது. மூன்று வயதில் வந்தவள். தமிழைவிட நியூ ஜெர்சி ஆங்கிலம்தான் அவளுக்குச் சரளம். 21 ஆனதும் எங்கள் மனுவிலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். அப்புறம் மாணவர் விசா, அதற்கப்புறம் அவளுக்கென்று தனியாக வரிசை. சிறுவயதில் வந்தவர்களை நாடுகடத்தாமல் காக்க ஒபாமா 2012-இல் கொண்டுவந்த டாகா (DACA) பாதுகாப்பும் இவளைப் போன்றவர்களுக்கு இல்லை. அது ஆவணமில்லாமல் இருந்தவர்களுக்கு மட்டும். அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. முறைப்படி வந்த பிள்ளைகளை விட்டதுதான் புரியவில்லை. இவர்களுக்காக 2021-இல் செனட்டர்கள் அலெக்ஸ் பாடியாவும் ராண்ட் பாலும் கட்சி வேறுபாடு பார்க்காமல் கொண்டுவந்த மசோதாவும் சட்டமாகவில்லை.

அடுத்த முறை போன் போடச் சொல்லி வாட்ஸப்பில் வாசகம் வந்தால், குடும்பத்தாரைக் கணக்கிலிருந்து எடுங்கள் என்பது முதல் வரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் நானே எழுதிச் சேர்த்துவிட்டுத்தான் டயல் செய்வேன்.