தீவு நாடுகளில் குப்பையும் அதன் உபயோகமும்

பூமியிலிருந்து எடுத்த சத்தைப் பூமிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விவசாயிகள் யாவரும் அறிந்த விஷயம். தொழுவத்துக் கூளமும், அடுப்புச் சாம்பலும், வீட்டுக் குப்பையும் எருக்குழிக்குப் போய், அங்கிருந்து வயலுக்குத் திரும்புகின்றன. இம்முறைக்கு இக்காலத்தில் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர் வழங்குகிறது. பெயர் புதியதாயினும் கொள்கை பழையதே. இக்கொள்கை சமுத்திர நடுவிலுள்ள சிறு தீவு நாடுகளுக்கு எவ்வளவு அவசியம் என்பதையும், அதை நடத்த அந்நாட்டார் முதலில் தேடிக்கொள்ள வேண்டிய திறமை எது என்பதையும் ஆராய்வது, நிலமுடையோருக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் பிரயோஜனமுள்ளதாகும்.

பெரிய தேசங்களில் ஊருக்குப் புறம்பே குப்பையைக் கொட்டிவிட்டு அதை மறந்துவிட இடமுண்டு. தீவில் அவ்விதம் செய்ய இயலாது. பசிபிக் சமுத்திரத்திலுள்ள கிரிபாட்டி நாட்டை எடுத்துக்கொள்வோம். 33 தீவுகள் கொண்ட அந்நாட்டின் மொத்த நிலப்பரப்பு 811 சதுர கிலோமீட்டர்தான். ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் தெற்குத் தராவா என்னும் ஒடுங்கிய பவளத் திட்டின்மேல் நெருங்கி வாழ்கிறார்கள். அங்கே ஆறு கிடையாது, மலை கிடையாது. மணலுக்கடியில் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படலமே குடிநீருக்கு முக்கிய ஆதாரம். மேலே கொட்டும் குப்பையின் கசிவும், பன்றிக் கொட்டிலைக் கழுவிய நீரும் அந்தப் படலத்திலேயே போய்ச் சேரும். ஆகவே அங்கே குப்பை விஷயமென்பது ஊரின் அழகைப் பற்றியது மட்டுமன்று. குடிக்கும் தண்ணீரைப் பற்றியதாகும்.

மாலத்தீவின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. தலைநகரான மாலேயில் குப்பைக்கு இடமில்லாமற் போகவே, அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தூரத்திலிருந்த திலாபுஷி என்னும் ஆழமற்ற கடற்பரப்பைக் குப்பையால் தூர்ப்பதென்று 1991-ஆம் வருஷம் டிசம்பரில் தீர்மானித்து, 1992 ஜனவரியில் வேலையைத் தொடங்கினார்கள். கொட்டிய குப்பையே தீவாக வளர்ந்தது. பல வருஷங்கள் அங்கே திறந்த வெளியில் தீயிட்டு எரித்து வந்தமையால், அதன் புகை மாலேயிலிருந்தே தென்படும். 2021-ஆம் வருஷத்தில்தான் அவ்வெரிப்பு நிறுத்தப்பட்டது. தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் காய்கறிகளும் மாலத்தீவுக்குக் கப்பலேறுவதை வாசகர்கள் அறிவார்கள். அவற்றின் தோலும் கழிவும் அங்கே எருவாகாமல் சாம்பலானபோது, தமிழ் நாட்டு மண்ணின் சத்தில் ஒரு பங்கும் வீணாயிற்று என்றே கொள்ள வேண்டும்.

இந்நிலைக்குப் பரிகாரம் யாது? பெரிய எரி உலைகளை வைத்து, குப்பையை எரித்து, மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது சிலருடைய அபிப்பிராயம். நிலமே இல்லாமல் லட்சக்கணக்கானோர் நெருங்கி வாழும் மாலே போன்ற நகரத்திற்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தக் கூடும். ஆனால் சில ஆயிரம் ஜனங்களே வசிக்கும் சிறு தீவுகளுக்கு இது உசிதமன்று. பல தீவுகளில் குப்பையில் ஏறக்குறைய பாதி இலை, தழை, சமையற் கழிவு முதலிய ஈரப் பொருள்களே. ஈரக் குப்பை நன்றாக எரியாது. உலைக்கு நாள்தோறும் தவறாமல் தீனி வேண்டும். ஒரு உறுப்பு பழுதானால் மாற்று உறுப்பு கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதை நடத்தத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால் இயந்திரம் துருப்பிடிக்கும். எனவே, இயந்திரத்தை வாங்குவதற்கு முன் ஆட்களைப் பழக்குவதும் கணக்கை ஒழுங்குபடுத்துவதுமே செய்ய வேண்டிய காரியம்.

இதற்குத் தீவுகளில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. தீவுக்குள் வரும் டப்பியும் புட்டியும் பெரும்பாலும் ஒரே துறைமுகத்தின் வழியாகத்தான் வர வேண்டும். வாயில் ஒன்றானால் காவலும் கணக்கும் சுலபம். கிரிபாட்டியில் 2004-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஏற்பட்ட ‘கவோகி மாங்கே’ என்னும் திட்டம் இதையே ஆதாரமாகக் கொண்டது. அப்பெயருக்குக் குப்பையைத் திருப்பிக் கொடு என்று பொருள். இறக்குமதியாகும் ஒவ்வொரு அலுமினிய டப்பிக்கும் பிளாஸ்டிக் புட்டிக்கும் 5 சென்ட் டிபாஸிட் வசூலிக்கப்படும். காலி டப்பியைத் திருப்பிக் கொடுப்பவருக்கு 4 சென்ட் கிடைக்கும். மிகுந்த 1 சென்ட் அத்தொழிலை நடத்தும் செலவுக்கு. மோட்டார் பாட்டரிகளுக்கும் இவ்விதமே டிபாஸிட் உண்டு. சேர்ந்த டப்பிகளை அழுத்திக் கட்டுகளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பலாவு நாட்டிலும் 2011-ஆம் வருஷம் முதல் ஒவ்வொரு பானக் கலத்துக்கும் 10 சென்ட் வாங்கி, கலம் திரும்பி வந்தால் 5 சென்ட் கொடுக்கிறார்கள். இத்திட்டங்களுக்கு வேண்டியவை நேர்மையான சுங்க வசூல், தனியாக வைக்கப்பட்ட நிதி, ஒழுங்கான கணக்கு ஆகிய மூன்றே. நிதி பொதுக் கஜானாவில் கலந்து வேறு செலவுக்குப் போய்விட்டால், டப்பியைக் கொண்டு வந்த சிறுவன் வெறுங்கையுடன் திரும்புவான், மறுமுறை வரமாட்டான்.

சேர்த்த பொருளைத் தூர தேசத்துக்கு அனுப்பும் கப்பற்கூலி மற்றொரு தடையாகும். தீவுகளுக்குச் சரக்கு கொண்டு வரும் பெட்டகங்களில் பல காலியாகவே திரும்புகின்றன. 2018-ஆம் வருஷத்தில், சமோவாவின் தலைநகரான ஆப்பியாவிலுள்ள பசிபிக் வட்டாரச் சுற்றுச்சூழல் நிறுவனமும் ஒரு கப்பல் கம்பெனியும் செய்துகொண்ட உடன்படிக்கையினால், அக்காலிப் பெட்டகங்களில் மறு உபயோகத்துக்குரிய கழிவைக் கூலியின்றி ஏற்றிச் செல்ல வழி ஏற்பட்டது. எனினும் தரம் பிரித்துச் சுத்தமாகக் கட்டிய சரக்கையே வெளிநாட்டார் வாங்குவார்கள். பிரிப்பதற்குப் பழகிய கைகள் இல்லாவிடில் இச்சலுகையால் பயனில்லை.

இனி, பாதிக் குப்பையாகிய ஈரப் பொருளைப் பற்றிக் கூறுவோம். விவசாய இலாகாக்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய பகுதி இதுவே. பவளத் தீவின் மண் சுண்ணாம்பு மிகுந்த மணல், ஈரம் தாங்காது, இரும்பு, மாங்கனீஸ், துத்தநாகம் ஆகிய சத்துக்கள் பயிருக்கு எளிதில் கிட்டா. மக்கிய எருவே அம்மண்ணுக்கு உயிர். கிரிபாட்டி ஜனங்களின் முன்னோர் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். நன்னீர் தோன்றும்வரை குழி வெட்டி, பெருஞ்சேம்பை நட்டு, அதைச் சுற்றி இலை தழைகளை இட்டு மக்கவைத்தார்கள். அக்குழிகளுக்குரிய தழையும் கழிவும் இன்று குப்பை மேட்டுக்குப் போவது விசனிக்கத்தக்கது. வட்டக் குழியில் சமையற் கழிவை நிரப்பி ஓரத்தில் வாழை வைக்கும் முறை தராவாவில் கற்பிக்கப்பட்டது. செலவில்லாத இம்முறை எல்லா வீடுகளுக்கும் ஏற்றது. துவாலுவில் பன்றிக் கொட்டிலைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல், சரிவான தரையில் நறுக்கிய தென்னங் கழிவைப் பரப்பி, சாணத்துடன் கலந்து எருவாக்கும் முறையைக் கையாண்டிருக்கிறார்கள். அதனால் நிலத்தடி நீரும் காக்கப்படுகிறது, எருவும் கிடைக்கிறது.

எதற்கும் உதவாத மிச்சத்தைப் புதைக்கவும் முறையுண்டு. ஜப்பானில் புகுவோகா நகரத்தாரும் அந்நகரப் பல்கலைக்கழகத்தாரும் கண்டுபிடித்து 1975-ஆம் வருஷத்தில் அமைத்த முறையில், குப்பைக் குழியின் அடியில் துளையிட்ட குழாய்களைக் கல்லால் மூடிப் பதிக்கிறார்கள். கசிவு நீர் அக்குழாய்கள் வழியாக வடிந்துவிடும். அவ்வழியாகவே காற்று உட்புகுந்து குப்பையைச் சீக்கிரம் மக்கவைக்கும். உள்ளூர்க் கல்லைக் கொண்டே செய்யக் கூடியதாகையால், சமோவாவின் தாபாய்கட்டாவில் ஜப்பானியர் உதவியுடன் இது அமைக்கப்பட்டது.

மேற்கூறிய யாவற்றிலும் ஓர் உண்மை விளங்கும். வெளிநாட்டு நிபுணர் இரண்டொரு வருஷத்தில் ஊர் திரும்பிவிடுவார். பயிற்சிக்காக அந்நிய தேசம் சென்ற வாலிபரில் பலர் அங்கேயே நல்ல சம்பளத்தில் தங்கிவிடுவர். ஆகையால் பயிற்சியைத் தீவிலேயே, வேலை நடக்கும் இடத்திலேயே அளிப்பதும், ஒரு தீவில் பழகியவரைக் கொண்டு மறு தீவாருக்குக் கற்பிப்பதுமே நிலைத்த பலன் தரும். கொடுக்கப்படும் உதவித் தொகையில் இயந்திரத்துக்குப் போகும் பங்கைக் குறைத்து, குழி மேற்பார்வையாளர், எரு தயாரிப்போர், கணக்கர், சுங்கச் சிப்பந்தி ஆகியோருடைய பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் ஒதுக்குவது உசிதம்.

தமிழ் நாட்டுக் கிராமங்களுக்கு ஆறும் ஏரியும் பரந்த வயலும் இருப்பதால், குப்பையின் தீமை அங்கே மெதுவாகவே தெரிகிறது. ஆனால் கிணற்று நீர் கெட்ட பிறகு அதைச் சீர்படுத்துவது எவ்விடத்திலும் கஷ்டமே. ஈரக் குப்பையை வீட்டிலேயே பிரித்து எருக்குழிக்கு அனுப்புவதை ஒவ்வொரு விவசாயியும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். புதிய வண்டி கேட்டு எழுதுவதற்கு முன், இருக்கிற ஆட்களுக்குப் பயிற்சியும் அவர்கள் சேர்க்கும் பொருளுக்குச் சரியான கணக்கும் உண்டா என்று ஊராட்சியார் பார்த்துக்கொள்ள வேண்டும். இடமில்லாத தீவினர் செய்து காட்டிய இதனை, இடமுள்ளவர்கள் செய்வதற்குத் தடையேதும் இல்லை.