பனியனுக்குள் பேட்டரி

பத்து நாள் லீவு கேட்டபோது மேனேஜர், 'கல்யாணமாய்யா?' என்றார். 'இல்லை சார், நட்சத்திரம் பார்க்க' என்றேன். 'ஜாதகம் இங்கேயே பார்க்கலாமே!' என்றபடி கையெழுத்துப் போட்டார்.

லடாக்கில் ஹான்லே. சுமார் 4,300 மீட்டர் உயரம். பக்கத்துக் குன்றில் இந்திய வானாய்வகம். 2022-ல் இந்த வட்டாரத்தை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். அமாவாசை ராத்திரி. நம்மூரில் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் துருவ நட்சத்திரம் இங்கே நன்றாக மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

அதை நடுவில் வைத்து 30 செகண்டுக்கு ஒரு படம், இரண்டு மணி நேரத்துக்கு 240 படம். எல்லாவற்றையும் சேர்த்தால் நட்சத்திரங்கள் கோலம் போட்ட மாதிரி வளைகோடுகளாகும். இதற்காகத்தான் லோன் போட்டு வந்திருக்கிறேன்.

நூறாவது படத்தில் கேமரா கண்ணை மூடிவிட்டது. புது பேட்டரி சார்! பையிலிருந்த இன்னொன்றைப் போட்டேன். அதுவும் காலி என்றது. குளிர் மைனஸ் பத்து. அழுதால் கண்ணீர் உறைந்துவிடும் என்பதால் அழவில்லை.

ஜீப் டிரைவர் வந்து பார்த்தார். 'மரா நஹீ ஸாப், டண்டா ஹை' என்றார். சாகவில்லையாம், குளிர்ந்திருக்கிறதாம். இரண்டையும் வாங்கித் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னதுதான் விஞ்ஞானமும். லித்தியம் பேட்டரிக்குள் அயனிகள் நடந்தால்தான் கரண்ட். குளிரில் அவை நம் ஆபீஸ் ஃபைல் மாதிரி நகரும். உள்தடை ஏறி வோல்டேஜ் இறங்கும். கேமரா அதைக் 'காலி' என்று நினைத்துக்கொள்ளும். சார்ஜ் உள்ளேயேதான் இருக்கிறது.

இருபது நிமிஷம் கழித்துப் போட்டால், பாதிக்கு மேல் காட்டியது! ஒன்று கேமராவில், மற்றது என் பனியனுக்குள் என்று மாற்றி மாற்றி விடிய விடிய எடுத்தேன்.

நீங்கள் போனால் மூன்று விஷயம். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிடுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் இரட்டிப்பு நேரம் தின்னும். ரூமுக்குள் வருமுன் கேமராவை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வியர்த்துவிடும். உறைந்த பேட்டரியை உடனே சார்ஜ் போடாதீர்கள், கெட்டுப்போகும்.

திரும்பி வந்து படத்தைக் காட்டினேன். மேனேஜர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, 'எல்லாக் கோட்டிலும் ஒரே இடத்தில் வெட்டு விழுந்திருக்கே, ஏன்?' என்றார்.

செத்துப்போச்சு என்று நான் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்த இருபது நிமிஷம் சார் அது!